சூலத்தில் தொங்கிய சாவி

கருப்பையாவின் லேண்ட்ரோவர் மீது கை வைத்த அந்நியன் அதன் விலையைக் கேட்கவில்லை. சாவியைப் பற்றித்தான் கேட்டான்.

“சாவிய முனீஸ்வரன் சூலத்துலயே மாட்டி வெச்சிருக்கீங்களாமே அங்கிள். நெசமா?”

கம்போங் ராஜாவிலிருந்து மலையேறும் மண்சாலை, அந்தத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் முன் வந்து முடிகிறது. லயத்தின் தலைமாட்டில் முனீஸ்வரன் கோயில். கோயிலுக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் அந்தப் பச்சை வண்டி. ஒரு காலத்தில் துரைமார்கள் ஏறி வந்த வண்டி அது. பிறகு மேனேஜர்கள் ஏறினார்கள். பழையதாகிவிட்டது என்று நிர்வாகம் அதைக் கழித்தபோது, தம் இளமை முழுவதும் அதை ஓட்டிய டிரைவர் கருப்பையாவே வாங்கிக்கொண்டார்.

வாங்கிய அன்றே கோயில் முன் நிறுத்திப் பூசை போட்டார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியதும் இறங்கி வந்து, சாவியைக் கொண்டுபோய் முனீஸ்வரனின் சூலத்தில் மாட்டினார். “நோய்நொடின்னா யாரும் என்னைத் தேட வேணாம். எடுத்துக்கிட்டுப் போங்க. திரும்பி வந்தா சாவிய இங்கயே மாட்டிடுங்க” என்றார். அன்றிலிருந்து வண்டி அவருடையது, சாவி லயத்துக்குப் பொது. பிரசவ வலி கண்டவர்களும் கை முறிந்தவர்களும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டவர்களும் அதில் மலையிறங்கினார்கள். ஓட்டத் தெரிந்த எவரும் ஓட்டினார்கள். பெட்ரோலைப் பிறகு யாராவது ஊற்றினார்கள். சாவி ஒருபோதும் வேறிடத்தில் இரவு தங்கியதில்லை.

“நெசமாவான்னு கேட்டேன் அங்கிள்.” கறுப்புக் கண்ணாடி அணிந்த அந்த மனிதன் வண்டியின் போனட்டை மெல்லத் தடவினான். உடன் வந்த இன்னொருவன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

கருப்பையா வாய் திறப்பதற்குள் எதிர்ச் சரிவிலிருந்து ஒரு குரல் இறங்கியது.

“யாருலா அது? மொதல்ல கைய எடுங்க.”

திலகம். கொழுந்து வெட்டும் பெரிய கத்தரி கையில் இருக்க, தேயிலை வரிசைகளின் நடுவே கிடுகிடுவென்று இறங்கி வந்தாள். அவளுக்குப் பின்னால் சரிவில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டுக் கொட்டகையையே பார்த்தார்கள். அந்த லயத்தில் அது வழக்கம். யாராவது புதியவர் அந்த வண்டியை நெருங்கினால் மலையே திரும்பிப் பார்க்கும்.

“வண்டி விக்கிறதுக்கில்ல” என்றார் கருப்பையா.

“நான் இன்னும் கேக்கவே இல்லியே.”

“கேக்காதீங்க.”

“திரிங்காப்புல ஒரு தவுக்கே, காய்கறித் தோட்ட மொதலாளி, இப்படித்தான் சொன்னாரு. அப்புறம் அவரு லேண்ட்ரோவர் காணாமப் போச்சு. பாவம்.” கறுப்புக் கண்ணாடிக்காரன் புன்னகைத்தான்.

“பாவம்னு சொல்லிக்கிட்டே சிரிக்கிறீங்களே, அது என்னா வியாதி?” என்றாள் திலகம். கத்தரியின் இரண்டு அலகுகளும் ஒருமுறை திறந்து மூடின. வந்தவர்கள் போய்விட்டார்கள்.

கருப்பையா போனட்டில் பதிந்திருந்த கைத்தடத்தைத் துண்டால் துடைத்தார். சில மாதங்களாகவே திரிங்காப்பிலும் கோலா தெர்லாவிலும் பழைய லேண்ட்ரோவர்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. முட்டைக்கோசு மூங்கில் கூடைகளை மேலே அடுக்கி, அடியில் வண்டியை வைத்து லோரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று பேச்சு. நகரத்தில் அவற்றை மெருகேற்றிக் கண்காட்சிக்கு வைக்கும் பணக்காரர்கள் இருந்தார்கள். காய்கறித் தோட்டக்காரர்கள் சக்கரங்களைச் சங்கிலியால் மரத்தோடு பிணைத்தார்கள். அதையெல்லாம் பார்த்து இவர் சிரித்திருக்கிறார். இப்போது அவருடைய சாவியைப் பற்றி ஒரு திருடன் அவரிடமே வந்து விசாரிக்கிறான். யாரோ சொல்லியிருக்கிறார்கள். லயத்துக்குள்ளிருந்து யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“புனிதன் வேலை செய்ற ஒர்க்‌ஷாப்புக்குத்தான் பழைய லேண்ட்ரோவர் சாமானெல்லாம் வருது” என்றார், மனைவி சீதாவிடம்.

புனிதன், திலகத்தின் மகன். கம்போங் ராஜாவில் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துக்கு வருவான்.

“வந்தா?”

“அவன் ஒரு தடவை போலீஸ் லோக்காப்புல இருந்தவன்.”

“கூட்டாளியோட மோட்டார்சைக்கிள் திருடுனதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? மறுநாளே விட்டுட்டாங்க. அவனக் கூட்டியாரப் போனதே நீங்கதான். அதே வண்டியில.”

“போனேன். இப்ப யோசிக்கிறேன்.”

“நீங்க யோசிக்கவே வேணாம். சாப்பிடுங்க.”

அவர் யோசித்தார். சாவியைச் சூலத்திலிருந்து எடுத்துவிட முடியாது; எடுத்தால் லயம் முழுவதும் காரணம் கேட்கும், முனீஸ்வரனிடம் கொடுத்ததைத் திரும்ப வாங்கியதாகவும் ஆகும். ஆகவே வேறொன்று செய்தார். மறுநாள் பனி விலகுமுன் கொட்டகைக்குப் போய், போனட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்த ரோட்டரைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கட்டைவிரல் அளவேயான கறுப்புத் துண்டு அது. அது இல்லையென்றால் எஞ்சின் சுற்றும், பற்றிக்கொள்ளாது. யாரிடமும் சொல்லவில்லை. சீதாவிடம்கூடச் சொல்லவில்லை. யார் காதில் போட்டாலும் அது புனிதன் காது வரை போகும் என்று நினைத்தார்.

அதன்பின் ஒவ்வொரு காலையும் கோயில் பக்கம் பார்ப்பார். சாவி எப்போதும்போல் சூலத்தில் ஆடிக்கொண்டிருக்கும். அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். தாம் யாரையும் ஏமாற்றுவதாக அவருக்குத் தோன்றவில்லை. திருடனை ஏமாற்றுவதாகவே தோன்றியது.

அந்த மாதம் மழை விடாமல் பெய்தது. மண்சாலையின் ஒரு வளைவு சரிந்துபோக, நான்கு சக்கரங்களும் இழுக்கக்கூடிய வண்டிகள் மட்டுமே அதைக் கடந்தன. லயத்தில் அப்படிப்பட்டவை இரண்டே. ஒன்று மேனேஜரின் பிக்கப். மற்றொன்று கருப்பையாவின் லேண்ட்ரோவர்.

சீதாவின் தம்பி மகளுக்கு ஈப்போவில் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை. மேனேஜரும் அன்று ஈப்போ போவதாக இருந்ததால், “ஏறிக்குங்க” என்றார். கருப்பையா புதிய, பூப்போட்ட பத்தேக் சட்டை போட்டார். பழைய சட்டைப்பையிலிருந்த ரோட்டரை எடுத்து இந்தச் சட்டைப்பையில் போட்டார். அது இப்போது அவருக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. பிக்கப் இறங்கிப் போனது.

கொழுந்து மிகுந்த காலமாதலால் ஞாயிறன்றும் சரிவில் வேலை நடந்தது. காலைத் தேநீர் நேரம் கடந்து சற்றுக்கெல்லாம், திலகத்தின் கத்தரி செடிக்கடியில் இருந்த குளவிக்கூட்டின் மீது பட்டது.

மலைத்தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு அந்த ஓசை தெரியும். பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டுச் சிதறினார்கள். திலகம் ஓடிய பக்கமே குளவிகளும் போயின. கங்காணி உமாதேவி ஒரு சாக்கை விரித்துப் போர்த்தி அவளை இழுத்துவருவதற்குள் முகமும் கழுத்தும் வீங்கிவிட்டன. மூச்சு விசிலடிப்பதுபோல் வந்தது.

புனிதன் அன்று வீட்டில் இருந்தான். தாயைப் பார்த்தான், அடுத்த கணம் கோயிலை நோக்கி ஓடினான். சூலத்திலிருந்து சாவியை உருவி, வண்டியில் ஏறித் திருகினான். எஞ்சின் சுற்றியது. மீண்டும் திருகினான். சுற்றியது. பெண்கள் திலகத்தைத் தூக்கிப் பின் இருக்கையில் கிடத்தினார்கள். அவன் திருகிக்கொண்டே இருந்தான். பாட்டரி தளர்ந்து குரல் இறங்கியது.

இறங்கிப் போய்ப் போனட்டைத் திறந்தான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினான். ரோட்டர் இருக்க வேண்டிய தண்டு மொட்டையாக நின்றது.

அவன் மெக்கானிக். ரோட்டர் தானாக விழுந்து தொலைகிற பொருள் அன்று என்பது அவனுக்குத் தெரியும். கழற்றியவர் மூடியைத் திரும்ப அழகாகப் பொருத்தியிருந்தார் என்பதையும் அவன் பார்த்தான். திருடன் மூடியைப் பொருத்திவைக்க மாட்டான்.

உமாதேவி ஆம்புலன்சை அழைத்தாள். சாலை சரிந்த வளைவுக்குக் கீழ்ப்பக்கம் வரைதான் வர முடியும், அதுவும் பள்ளி விடுமுறைக் கூட்டத்தில் பிரிஞ்சாங்கிலிருந்து சாலை அடைத்துக் கிடக்கிறது, தாமதமாகும் என்றார்கள். புனிதன் கருப்பையாவை அழைத்தான்.

ஈப்போவில், தாலி கட்டி முடிந்து நாதஸ்வரம் உச்சத்தில் இருந்தது. கருப்பையா கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். புனிதன் என்று பெயர் ஒளிர்ந்தது. அவர் சட்டைப்பையைத் தொட்டார். நான் ஊரில் இல்லாத நாள் பார்த்து வண்டியைக் கிளப்பப் பார்த்திருக்கிறான், கிளம்பவில்லை, அதனால் அழைக்கிறான் என்று எண்ணிக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கைப்பேசியைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டு மொய் எழுதப் போனார்.

கம்பளியில் இரண்டு மூங்கில்களைக் கோத்து, திலகத்தை அதில் கிடத்தி, லயத்து ஆண்கள் சரிந்த வளைவு வரை சுமந்தார்கள். வழுக்கி விழுந்தார்கள், எழுந்து மீண்டும் சுமந்தார்கள். வளைவுக்கு அப்பால் கோலா தெர்லா பக்கத்திலிருந்து தக்காளி ஏற்ற வந்த ஒரு லோரிக்காரர் அவளை முன்னிருக்கையில் ஏற்றிக் கம்போங் ராஜா கிளினிக்குக்குக் கொண்டுசேர்த்தார். அங்கே ஊசி போட்டு, ஈப்போ மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

உமாதேவியின் அழைப்பு வந்தபோது கருப்பையா பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். அவள் இரண்டே வாக்கியங்கள் பேசினாள். அவர் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார்.

மருத்துவமனை நடைவெளியில் புனிதன் சேறு அப்பிய காலோடு நின்றிருந்தான். கல்யாணச் சட்டையோடு வந்த கருப்பையாவை அவன் மேலும் கீழும் பார்த்தான்.

“எப்படி இருக்கா?” என்றார் கருப்பையா.

“மூச்சு இருக்கு. சிறுநீர்தான் கறுப்பாப் போவுது. கிட்னி நின்னு போகலாம்னு சொல்றாங்க.” கையை நீட்டினான். “குடுங்க.”

“எதை?”

“பையில இருக்கிறத. பாக்கணும்.”

கருப்பையா ரோட்டரை எடுத்துக் கொடுத்தார். புனிதன் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். சீதாவும் பார்த்தாள், அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவள் கணவரைவிட்டு ஓர் அடி விலகி நின்றாள்.

“இதுக்கு என்ன வெல தெரியுமா மாமா? எங்க ஒர்க்‌ஷாப்புல டப்பா நெறையக் கெடக்கு. திருடனுக்கு இது ஒரு தடையா? நல்லாத் தெரிஞ்சவன் பையில ஒண்ணு போட்டுக்கிட்டே வருவான்.”

“நான் திருடனுக்காகத்தான்...”

“எந்தத் திருடனுக்கு? பேரச் சொல்லுங்க. சூலத்துல சாவிய உட்டுட்டு ரோட்டர மட்டும் கழட்டுனா, சாவி எடுக்க வர்ற ஆளத்தான் நீங்க திருடன்னு நெனக்கிறீங்க. சாவி எடுக்க வர்றது யாரு? நாங்கதானே.”

“பேச்ச அளந்து பேசு. வண்டி என்னுது.”

“அத இன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டோம்.” ரோட்டரை அவர் கையில் திணித்தான். “நான் போன் பண்ணேன். பாத்தீங்களா?”

கருப்பையா ரோட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார். புனிதனுக்கு அது போதுமாக இருந்தது. அவன் கை ஓங்கவில்லை, கத்தவும் இல்லை. “போயிடுங்க மாமா. அம்மா கண்ணு முழிக்கிறப்ப உங்க மூஞ்சி இங்க இருக்க வேணாம்” என்று மட்டும் சொன்னான்.

திலகம் பிழைத்தாள். பல வாரங்கள் ஈப்போவிலேயே இருந்து, இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டாள். சீக்கிரமே கொண்டுவந்திருந்தால் இந்த அளவுக்கு ஆகியிருக்காது என்று மருத்துவர் சொல்லவில்லை. ஆகியிருக்கும் என்றும் சொல்லவில்லை. லயத்துக்கு மருத்துவரின் கருத்து தேவைப்படவில்லை.

கருப்பையா லயத்துக்குத் திரும்பிய மறுநாள் காலை, உமாதேவி அவர் வீட்டு வாசலுக்கு வந்தாள். கையில் சாவி.

“இந்தாங்க அண்ணே. உங்க வண்டி சாவி.”

“அது கோயில்ல இருக்கணும்.”

“எதுக்கு? அத எடுத்துத் திருகுனா ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்ச பெறகு, சாமி சூலத்துல எதுக்குச் சும்மா தொங்கணும்? நீங்களே பத்திரமா வெச்சுக்குங்க. அதுவும் இதுவும் ஒரே பையில இருக்கட்டும்.”

அவருக்குக் கோபம் வந்தது. ஒரு வண்டியைக் காப்பாற்ற நினைத்தது குற்றமா? அவர்கள் வாழ்நாளில் ஒருமுறை ஸ்பானர் பிடித்திருக்கிறார்களா? பெட்ரோல் ஊற்றுகிறார்கள், ஆனால் கிளட்ச் மாற்றியது யார், துருப்பிடித்த அடித்தட்டை ஒட்டியது யார்? மேலும், திருடனிடம் யாரோ சொன்னார்கள் என்பது பொய்யா? அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. சாவியை வாங்கி, ரோட்டரோடு சேர்த்துச் சட்டைப்பையில் போட்டார். ரோட்டரைத் திரும்பப் பொருத்தவில்லை. தாமாகப் போய்ப் பொருத்தினால் தோற்றுவிட்டதாக ஆகும் என்று நினைத்தார்.

அந்தக் கோபத்தோடேயே ஒருநாள் கம்போங் ராஜாவில் யாசீனின் சாப்பாட்டுக் கடைக்குப் போனார். அவர் வழக்கமாக உட்காரும் மேசை அங்கே இருந்தது. யாசீன் நுரை பொங்க இழுத்து ஊற்றிய தே தாரிக் தேநீரைக் கொண்டுவந்து வைத்தார்.

“லயத்துல எல்லாருக்கும் எம்மேல கோவம்” என்றார் கருப்பையா. “ஆனா மொதல்ல கறுப்புக் கண்ணாடிக்காரன்கிட்ட சாவியப் பத்திச் சொன்னது எவன்? அத எவனும் கேக்க மாட்டேங்கிறான் பாய். அவன மட்டும் எனக்குத் தெரிஞ்சா...”

யாசீன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மேசையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த மேசைதான்.

“ஒரு சேவல் இருந்துச்சாம்ணே. தெனம் கூரை மேல ஏறி, ‘எங்க கூட்டுக்குக் கதவே கெடயாது, எம்மேல இருக்கிற பயத்துல ஒரு பய உள்ள வர மாட்டான்’னு கூவுமாம். காட்டுல நரி அதக் கேட்டுச்சு. ஒருநாள் வந்து கூட்ட மோந்து பாத்துட்டுப் போச்சு. சேவலுக்குக் கோவம்னா கோவம். நரி மேல இல்ல. கூட்டுக்குள்ள இருக்கிற கோழிங்க மேல. ‘எவடி நரிகிட்ட சொன்னது’ன்னு ஒவ்வொண்ணாக் கொத்துச்சாம்.”

“அப்புறம்?”

“முடிவு எனக்குத் தெரியாதுண்ணே. எங்க மாமனார் சொல்றப்ப நான் ரொட்டி போட்டுக்கிட்டிருந்தேன்.”

“நேராச் சொல்லு பாய்.”

“நேராவே சொல்றேன். அந்தக் கண்ணாடிக்காரரு, அதோ, ஃபேனுக்குக் கீழ உக்காந்து ரொட்டி சாப்பிட்டாரு. நீங்க இங்க இருந்தீங்க. கோலா தெர்லால வண்டி போன பேச்சு வந்துச்சு. ‘சங்கிலி போடுறவனெல்லாம் பயந்தாங்கொள்ளி. என் சாவி முனீஸ்வரன் சூலத்துல தொங்குது, எவனுக்குத் தெம்பு இருக்கோ தொட்டுப் பாக்கச் சொல்லு’ன்னு நீங்கதான் சொன்னீங்க. கடையே திரும்பிப் பாத்துச்சு. நான்கூடப் பெருமையாத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்.”

தேநீரின் மேல் ஏடு படிந்தது. கருப்பையா அதைக் குடிக்கவில்லை. காசை வைத்துவிட்டு வெளியே வந்தார். வெளியே நின்றபோது, தாம் அந்த வார்த்தைகளைச் சொன்ன குரல்கூட அவருக்கு நினைவு வந்தது. உரத்த குரல், மகிழ்ச்சியான குரல். தாம் அப்படிப் பெருமை பேசிய வாரம் முழுவதும் புனிதன் அந்தக் கடைப் பக்கமே வந்திருக்கவில்லை என்பதும் நினைவு வந்தது.

இதை லயத்தில் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று வேண்டாம், திலகம் வீடு திரும்பட்டும் என்றார் தமக்குள். திலகம் வீடு திரும்பினாள். கொஞ்சம் தேறட்டும் என்றார். அதற்குள் மழை நின்று, சரிந்த வளைவில் கல் கொட்டிச் சாலையைச் சரி செய்துவிட்டார்கள். எல்லா வண்டிகளும் லயம் வரை வரத் தொடங்கின.

சீதாவின் முழங்காலுக்கு மருந்து வாங்க ஒருநாள் இருவரும் தொழிலாளர் வேனில் இறங்கிப் போனார்கள். மதியம் அதே வேனில் திரும்பினார்கள். புதிதாகச் சரிசெய்த வளைவில், எதிரே ஒரு பாரந்தூக்கி லோரி இறங்கி வந்தது. பின்னால் நீலத் தார்ப்பாய் போர்த்திய பெரிய சுமை. சாலை குறுகலானதால் வேன்காரர் பின்வாங்கினார். முன்னிருக்கையில் இருந்த கருப்பையா ஜன்னல் வழியே தலையை நீட்டி, “வாங்க, வாங்க, எடமிருக்கு” என்று கையசைத்து வழி காட்டினார். லோரிக்காரன் நன்றியாகக் கையைத் தூக்கினான். இவரும் தூக்கினார்.

கொட்டகை காலியாக இருந்தது. தரையில் எண்ணெய்க் கறை மட்டும் ஈரமாக இருந்தது.

எதிர்ச் சரிவில் பெண்கள் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். கத்தரிகளின் ஓசை சீராகக் கேட்டது. கருப்பையா சரிவின் அடியில் போய் நின்று, அந்த வயதில் தம்மிடம் இருக்கிறதென்று அவரே அறியாத குரலில் கூப்பிட்டார். உமாதேவி இறங்கி வந்தாள். மற்றவர்களும் வந்தார்கள்.

“பாத்துக்கிட்டேதான் இருந்தீங்களா?”

“பாத்தோம்” என்றாள் உமாதேவி.

“ஒரு சத்தம் போடக்கூடாது? இத்தன பேரு இருக்கீங்க. யாருலான்னு ஒரு வார்த்த கேக்கக்கூடாது?”

“என்னான்னு கேக்கறது? வண்டி உங்களுது. சாவி உங்க பையில. ரோட்டரும் உங்க பையில. பட்டப்பகல்ல வந்து தூக்குறான், வித்துட்டீங்கன்னு நெனச்சோம்.”

“வித்தா உங்ககிட்ட சொல்ல மாட்டேனா?”

லயத்தின் முதல் வீட்டு வாசலில், வேலைக்குப் போகக்கூடாது என்று உட்கார வைக்கப்பட்டிருந்த திலகம்தான் பதில் சொன்னாள். அவள் குரல் இன்னும் கரகரத்தது.

“ரோட்டரக் கழட்டுனப்ப சொன்னீங்களா அண்ணே?”

கருப்பையா அவள் பக்கம் திரும்பினார். முன்பு அந்த வண்டியை நெருங்கிய அந்நியனைக் கத்தரியோடு எதிர்கொண்டவள் இவள்தான் என்ற நினைவு, அவர் கோபத்தை அடக்கவில்லை, இன்னும் கிளறியது.

“திருடனுக்கு வழி உட்டுட்டு எனக்கு ஞாயம் பேசுறீங்களா?”

“வழி உட்டது நாங்க இல்ல. வேன்ல வந்தவங்க சொல்றாங்க, நீங்கதான் வாங்க வாங்கன்னு கையக் காட்டி அனுப்பி வெச்சீங்களாம்” என்றாள் உமாதேவி.

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். சீதா கணவரின் முழங்கையைப் பிடித்தாள், அவர் உதறினார்.

கம்போங் ராஜா போலீசில் புகார் எழுதிக்கொண்ட அதிகாரி, பண்பான மனிதர், வண்டியை எடுத்துப்போனதை யாராவது பார்த்தார்களா என்று கேட்டார்.

“எல்லாரும் பாத்தாங்க” என்றார் கருப்பையா.

அதிகாரி தலைநிமிர்ந்து பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை புனிதன் வந்தான். தாய்க்கு மருந்து கொடுத்துவிட்டு வெளியே வந்தவன், காலிக் கொட்டகையில் ஒரு பழைய டயர் மீது கருப்பையா உட்கார்ந்திருப்பதைக் கண்டான். கடந்து போயிருப்பான். அவர்தான் அழைத்தார்.

“புனிதா. சாவியப் பத்திச் சொன்னது நான்தான். யாசீன் கடையில.”

“தெரியும்.”

“எப்படி?”

“கம்போங் ராஜாவுக்கே தெரியும் மாமா. நீங்க எப்ப சொல்வீங்கன்னுதான் பாத்துக்கிட்டிருந்தோம். அம்மா ஆசுபத்திரியில கெடந்தப்ப சொல்வீங்கன்னு பாத்தேன். அம்மா வந்தப்ப பாத்தேன். வண்டி போன பெறகுதான் வாய் தொறக்குது.”

“வண்டி போச்சுங்கிறதுக்காகச் சொல்லல.”

“அப்படியா?” புனிதன் குரலில் இரக்கம் இல்லை. “ஒர்க்‌ஷாப்புக்கு வர்றவங்ககிட்ட விசாரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். நீலத் தார்ப்பாய் போட்ட லோரி, ஈப்போ போற வழியில சிம்பாங் பூலாய் பக்கம் எறங்கிச்சாம். சேசிஸ் நம்பர போலீஸ்ல குடுத்துட்டேன். உங்களுக்காகக் குடுக்கல. வண்டி இல்லாட்டி, அடுத்த தடவ இந்த லயத்துல எவனுக்காவது ஒண்ணுன்னா மறுபடியும் கம்பளியும் மூங்கிலுந்தான். அதுக்காகக் குடுத்தேன்.” போவதற்குத் திரும்பியவன் நின்றான். “ஒருவேள கெடச்சா, சாவி எங்க இருக்கும் மாமா?”

கருப்பையா பதில் சொல்வதற்குள் அவன் போய்விட்டான். பதில் கேட்கும் பொறுமை அவனிடம் மிஞ்சியிருக்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் கருப்பையா குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துச் சூலத்தில் மாட்டினார். ரோட்டரின் துளையில் ஒரு நூலைக் கோத்து, அதையும் சாவிக்குப் பக்கத்தில் மாட்டினார். கைகூப்பவில்லை. கூப்பினால் அது வேண்டுதலாகிவிடும். அவருக்கு வேண்டிக்கொள்ளும் உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. வேலைக்குப் புறப்பட்ட பெண்கள் அவரைக் கடந்து சரிவேறிப் போனார்கள். உமாதேவி நின்று, சூலத்தில் தொங்கிய இரண்டையும் பார்த்துவிட்டு நடந்தாள்.

அடுத்த நாள் காலை வாசல் பெருக்கப் போன சீதா திரும்பி வந்தாள். அவள் உள்ளங்கையில் ரோட்டர் இருந்தது. நூல் அறுக்கப்படாமல், அவிழ்த்து, அதன் மேலேயே சுற்றப்பட்டிருந்தது.

“இது உங்களுதுங்கிறாங்க போல. படியில வெச்சிட்டுப் போயிருக்காங்க” என்றாள். “இத என்னா பண்றது?”

கருப்பையா எழுந்து கதவருகே வந்து கோயிலைப் பார்த்தார். காலிக் கொட்டகைக்கு எதிரே, முனீஸ்வரனின் சூலத்தில், சாவி மட்டும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.